பழவேற்காடு: முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு பறவையை

பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்பது, "பூநாரை இருக்கா?" ஃபிளமிங்கோவைத்தான் கேட்கிறார்கள். டீக்கடைக்காரரும் "இருக்கு, இருக்கு" என்பார். வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று சொல்வது அது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: "ஏரியில தண்ணி எவ்வளவு இருக்கு? முகத்துவாரம் திறந்திருக்கா?" இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பூநாரை இருக்குமா, இருந்தால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்குமா என்பதைப் பாதிக்கு மேல் நீங்களே சொல்லிவிடலாம்.

நான் பொன்னேரிக்காரன். ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவன். தோளில் ஸ்பேனரும் சுத்தியலும் மாட்டிக்கொண்டு ஜல்லிக்கல் மேல் நடந்து நடந்து முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. அதனால் நான் சொல்லப்போகிற நடையில் ஏற்றம் கிடையாது, சேற்றில் இறங்கும் வேலை கிடையாது. நடுநடுவே உட்கார்ந்து உட்கார்ந்து போனாலும் போக வர மூன்று மணி நேரம் போதும். பேரப் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். ஏழெட்டு வயதுக்குக் கீழே என்றால் பைனாகுலருக்குச் சண்டை வரும், அது உங்கள் பாடு.

ஏரியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு முனை மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகப் படுத்து ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஆரணி ஆறு தெற்கே வந்து சேருகிறது, காளங்கி ஆறு ஆந்திரப் பக்கமாக வருகிறது. கடல் நீர் உள்ளே வர பழவேற்காட்டுக்கு அருகே முகத்துவாரம். இவ்வளவு பெரிய ஏரிக்குச் சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். எல்லாம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. தட்டையான தரை என்பதால் தண்ணீர் ஒரு சாண் ஏறினால் கண்ணுக்கெட்டும் தூரம் வரை சேறு மூழ்கிவிடும், ஒரு சாண் இறங்கினால் அவ்வளவும் வெளியே வந்துவிடும். சேற்றில் மேயும் பறவைக்கு வாழ்வும் சாவும் அந்த ஒரு சாண்தான்.

எந்த மாதம்?

எல்லாரும் "நவம்பர் முதல் பிப்ரவரி வரை" என்பார்கள். என்னைக் கேட்டால் நவம்பரில் வர வேண்டாம். வடகிழக்குப் பருவமழை கொட்டி, ஆரணி ஆற்றில் வெள்ளம் வந்து ஏரி ததும்பி நிற்கும் நேரம் அது. பறவைகள் நாட்டுக்குள் வந்திருக்கும், ஆனால் கால் ஊன்ற இடம் இல்லாமல் ஆழம் குறைந்த மூலைகளுக்கும் சுற்றுப்புற வயல்வெளிக்கும் சிதறிப் போயிருக்கும். பொங்கலுக்குப் பிறகு தண்ணீர் மெல்ல வடியத் தொடங்கும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரைதான் என் கணக்கில் நல்ல காலம். சேற்றில் மேயும் சின்னக் கரைப்பறவைகளான உள்ளான்கள் வடதிசையிலிருந்து ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தலைகாட்டத் தொடங்கும். ஏப்ரலில் பெரும்பாலும் கிளம்பிவிடும். கிளம்புவதற்கு முன் சில பறவைகள் இனப்பெருக்க நிறத்துக்கு மாறியிருக்கும். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாகத் திரிந்த வளைமூக்கு உள்ளான், ஏப்ரலில் செங்கல் நிறத்தில் நிற்பதைப் பார்த்தால் வேறு ஏதோ பறவை என்றே நினைப்பீர்கள்.

கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடுவது உண்டு. அப்போது கடல் நீர் உள்ளே வராது, வெயிலில் தண்ணீர் சுண்டிச் சுண்டி உப்பு ஏறும். மீனவர்களுக்கு அது கஷ்ட காலம். சில பூநாரைகள் அந்த வெயிலிலும் இங்கேயே தங்கிவிடுவது உண்டு. ஆனால் உங்களுக்கு வெயில் தாங்காது, வர வேண்டாம்.

முகத்துவாரம் திறந்திருக்கும்போது அதற்கு அருகே கடல் நீரின் ஏற்றமும் வற்றமும் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் நன்றாகத் தெரியும். வற்றம் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் ஆன சமயம் போய்ச் சேர்ந்தால் பறவைகள் வயிற்றுப் பாட்டில் மும்முரமாக இருக்கும், நம்மைக் கண்டுகொள்ளாது. ஏற்றத்தின்போது போனால் ஒற்றைக்காலில் நின்று, அலகை முதுகுச் சிறகில் செருகித் தூங்கும் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். தூங்கும் உள்ளானை அடையாளம் காண்பது எனக்கே இன்னும் வராது.

வந்து சேர்வது

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி அல்லது சூலூர்பேட்டை போகும் புறநகர் ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்க வேண்டும். முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். எண்ணூர், அத்திப்பட்டு தாண்டும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் உப்பளமும் கழிமுகமும் வரும். வெள்ளைக் கொக்கும் நெடுங்கால் உள்ளானும் ரயிலில் இருந்தே கணக்கில் சேர்ந்துவிடும். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ் உண்டு, ஷேர் ஆட்டோவும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். முடியாது, ஞாயிறுதான் லீவு என்றால் ஒன்பது மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கடற்கரைக்கு வரும் கூட்டமும் பைக் சத்தமும்தான்.

கையில் என்ன வேண்டும்? பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் கடையில் 8x42 என்று கேளுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 12 மடங்கு, 20 மடங்கு என்று ஆசை காட்டுவார்கள். ஏரிக்காற்றில் கை ஆடும்போது 20 மடங்கில் பறவையும் சேர்ந்து ஆடும், உங்களுக்குத் தலைவலிதான் மிச்சம். தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர், பின்வார் உள்ள செருப்பு. ரப்பர் ஸ்லிப்பர் வேண்டாம், கருப்புச் சேறு அதை உருவிக்கொண்டு போய்விடும். உட்கார ஒரு சாக்கு. சட்டை பச்சையோ காக்கியோ இருக்க வேண்டும் என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம், பளீர் வெள்ளையைத் தவிர்த்தால் போதும். கழிப்பறை வேலையை பஜாரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், அதற்கு அப்புறம் வசதி கிடையாது.

சூரியனை முதுகில் வையுங்கள்

முதல் முறை வருகிறவர்கள் ஊர்ப்பக்கக் கரையில் நின்று கிழக்கே பார்ப்பார்கள். எதிரே சூரியன், தண்ணீர் முழுக்கக் கண்கூச்சம், பறவை எல்லாம் கறுப்பு நிழல். "ஒண்ணுமே தெரியலையே" என்று திரும்பிப் போவார்கள். காலையில் நீங்கள் பாலத்தைத் தாண்டிக் கிழக்குப் பக்கம், லைட் ஹவுஸ் குப்பம் இருக்கும் பக்கம் போய்விட வேண்டும். அங்கிருந்து மேற்கே திரும்பி ஏரியைப் பார்த்தால் சூரியன் முதுகில் இருக்கும், கால் நிறம் கூடத் துல்லியமாகத் தெரியும். மாலையில் வருவதானால் இதற்கு நேர் எதிராக, மேற்குக் கரை. அண்ணாமலைச்சேரி மேற்குக் கரையில் இருக்கும் ஊர், பூநாரைக் கூட்டத்துக்குப் பெயர் போனது. அங்கே போகிறவர்கள் பிற்பகல் மூன்றரைக்கு மேல் போங்கள்.

சரி, நடையைத் தொடங்கலாம். பஜாரில் டீ குடித்துவிட்டுப் பாலத்துக்கு வாருங்கள். பாலத்தில் ஓரமாக நில்லுங்கள், மீன் வண்டிகள் வேகமாக வரும். கீழே படகுகள் கட்டியிருக்கும் இடத்தில் சின்ன வெள்ளைக் கொக்கைப் பாருங்கள்: கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள். அந்த மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கிளறிவிட்டு, ஓடும் குஞ்சு மீனைப் பிடிக்கும். அதே உருவத்தில் கரும்சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றால் அது கரைக்கொக்கு. தலைக்கு மேலே செம்பருந்து எப்போதும் இருக்கும். ஊன்றிய கம்பு மேல் வெள்ளை மார்போடு ஒரு பெரிய கழுகு போல உட்கார்ந்திருந்தால் அது விரால் அடிப்பான். குளிர்கால விருந்தாளி, மீனைத் தவிர வேறெதையும் அனேகமாகத் தொடாது.

பாலம் தாண்டியதும் ஏரிக் கரையை ஒட்டி, கரையிலிருந்து பார்வை தடைபடாத ஓர் இடம் பார்த்து சாக்கை விரித்து உட்காருங்கள். நடப்பதை விட உட்காருவதுதான் இந்த நடையின் முக்கியமான பகுதி. அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் விலகிப்போன பறவைகள் தானாகத் திரும்பி வரும்.

கரையிலிருந்து ஆழத்துக்கு

இப்போது பைனாகுலரைக் கண்டபடி வீசாதீர்கள். காலடிக் கரையில் தொடங்கி, ஆழம் கூடக் கூடப் பார்வையை வெளியே கொண்டுபோங்கள். கால் நீளமும் அலகு நீளமும் அந்த வரிசையிலேயே கூடிக்கொண்டு போவதைப் பார்ப்பீர்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்தத் தண்ணீரில் நிற்கிறது, எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்த்தாலே பாதிப் பெயர் வந்துவிடும்.

காய்ந்த சேறு, ஈர மணல்: இங்கே உப்புக்கொத்திகள். குட்டை அலகு, பெரிய கண். குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கண்ணால் பார்த்துப் பிடிக்கும் இனம் என்பதால் அந்த நிறுத்தம். இவை அசையாமல் நின்றால் மண்ணாங்கட்டிக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் தெரியாது.

மேலே தண்ணீர் மினுக்கும் அளவுக்கு மட்டும் ஈரமான சேறு: கொசு உள்ளான். தலையைத் தூக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும். எடை 20 முதல் 30 கிராம் வரைதான். இனப்பெருக்கம் செய்வது ஆர்க்டிக் கரையோரம், சைபீரியா பக்கம். வருடா வருடம் அங்கிருந்து வந்து, நம் ஆரணி ஆற்றுச் சேற்றைத் தின்று, திரும்பிப் போகிறது. அதன் பக்கத்திலேயே கொஞ்சம் பெரிதாக, அலகு நுனி கீழே வளைந்து நிற்பது வளைமூக்கு உள்ளான். இது வயிறு நனையும் வரை இறங்கும், அலகை ஆழமாகச் செருகும்.

கணுக்கால் முதல் முழங்கால் வரை: பவளக்காலி, பச்சைக்காலி. பெயரே காலின் நிறம்தான், அதனால் இரண்டையும் குழப்ப வழியில்லை. பவளக்காலிதான் ஊர்க்காவல். நீங்கள் ஒரு அடி தப்பாக வைத்தால் முதலில் கத்திக்கொண்டு எழும்புவது அதுதான், எழும்பினால் சிறகின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை தெரியும். இன்னும் ஆழத்தில் நெடுங்கால் உள்ளான், கருஞ்சிறகும் நீண்ட இளஞ்சிவப்புக் காலும். இது இங்கேயே இருக்கும் பறவை. பக்கத்தில் கருவால் மூக்கன் நின்றால் பாருங்கள், தலை முழுக்கத் தண்ணீருக்குள் போகும் அளவுக்கு அலகை இறக்கும்.

தொடை வரை: சங்குவளை நாரை. மஞ்சள் அலகைத் திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவும். மீன் அலகில் பட்டதும் மூடிக்கொள்ளும், கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. கலங்கல் தண்ணீரிலும் அதற்குப் பசி தீர்வது அதனால்தான்.

அதற்கும் அப்பால், வெள்ளையும் ரோஜாவுமாக ஒரு கோடு தெரிந்தால் அதுதான் நீங்கள் கேட்டு வந்த பூநாரை. தலையைக் கவிழ்த்துப் போட்டு, மேல் அலகு கீழே வரும்படி வைத்து மேயும். நாக்கால் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும்போது அலகு ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகடுகளில் இறால் குஞ்சும் புழுவும் தங்கிவிடும், சல்லடையில் நொய் தங்குகிற மாதிரி. காலால் சேற்றை மிதித்து மிதித்து வட்டமாகச் சுற்றுவதையும் பார்க்கலாம். உடம்பின் சிவப்பு தின்னும் தீனியில் இருந்து வருவது. இளசுகள் அழுக்குச் சாம்பலாகத்தான் இருக்கும், முழு நிறம் வர மூன்று நான்கு வருடம் ஆகும். "இது பூநாரை இல்லை, வேற ஏதோ" என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் இளசுதான். இங்கே காண்பது பெரும்பாலும் பெரிய பூநாரை. சிறியது குட்டையாக, அடர்ந்த ரோஜா நிறத்தில், அலகு கருஞ்சிவப்பாக இருக்கும்.

நீந்தும் ஆழத்தில் கூழைக்கடா, நீர்க்காகம், குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து. கூழைக்கடாக்கள் கூடு கட்டுவது ஏரிக்கு வடமேற்கே ஆந்திராவின் நேலபட்டு சரணாலயத்தில். அங்கே குஞ்சு பசியோடு இருக்க, தாய் தந்தை இங்கே வந்து மீன் பிடித்துக்கொண்டு பறக்கும்.

தண்ணீர் மேல் பறந்து பறந்து மீன் பிடிக்கும் ஆலாக்களை நான் வேகமாகக் கடந்துவிடுவேன், எனக்கு அவற்றில் பொறுமை கிடையாது. ஒன்று மட்டும்: காகத்தைவிடப் பெரிதாக, காரட் போல் தடித்த சிவப்பு அலகோடு இருப்பது காஸ்பியன் ஆலா. அதைத் தவற விடாதீர்கள்.

எவ்வளவு கிட்டே போகலாம்?

பூநாரைகள் மேய்வதை நிறுத்தி, எல்லாக் கழுத்தும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தால் நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் இன்னும் மோசம். அடுத்தது பறக்கும். அந்த இடத்திலேயே நின்று, மெதுவாகப் பின்னால் வாருங்கள். பறக்கும் படம் வேண்டும் என்று கை தட்டுகிறவர்களையும் கல் எறிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கழுத்தில் ஒரு லட்ச ரூபாய் லென்ஸ், புத்தி மட்டும் இல்லை. கூட்டம் ஒருமுறை எழும்பினால் அன்றைய தீனி நேரம் போச்சு. ஏப்ரல் பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்கும் நேரத்தில் அது சின்ன நஷ்டமில்லை.

எப்படி நெருங்க வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் இறால் தடவும் இருளர் பெண்களைக் கவனியுங்கள். இடுப்பு ஆழத் தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். கொக்கும் உள்ளானும் அவர்களுக்கு மிகக் கிட்டத்தில் பயமில்லாமல் மேயும். குனிந்த உடம்பு, சீரான மெதுவான நகர்வு, பறவையை நேராகப் பார்க்காத முகம். நாமோ நிமிர்ந்து, விரல் நீட்டி, "அதோ அதோ" என்று கத்துகிறோம். அவர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். வேலையில் இருக்கும் அம்மாவிடம் "என்னம்மா, இன்னைக்கு இறால் உண்டா?" என்று இரண்டு வார்த்தை பேசினால் தண்ணீர் நிலவரமும் சேர்ந்து வரும்.

படகில் போகலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே சுற்றுலாப் பயணிகளின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். மோட்டார் சத்தத்தில் பூநாரை நிற்கவும் நிற்காது. அதேபோல் முகத்துவாரத்தில் குளிக்க இறங்காதீர்கள். மேலே சாதுவாகத் தெரியும், உள்ளே இழுப்பு பலமாக இருக்கும்.

எண்ணுவது

கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவை மொத்தக் கூட்டத்தின் மேல் நகர்த்தி எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். இருவராகப் போனால் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுங்கள், சண்டை சுவாரசியமாக இருக்கும். என் பேத்தி என்னைவிட எப்போதும் கூடுதலாகச் சொல்வாள், அவளுக்குக் கண் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவேன்.

பறவையின் காலில் ஆராய்ச்சியாளர்கள் மாட்டிய வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால் நிறம், எந்தக் கால், எழுத்து இருந்தால் எழுத்து எல்லாம் குறித்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். பார்த்ததை இ-பேர்ட் செயலியில் ஏற்றலாம், தமிழில் பறவைப் பெயர்கள் வரும்படி அதில் மாற்றிக்கொள்ளவும் முடியும். முதல் பட்டியலுக்கு நல்ல சாக்கு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்த பறவைகளைப் பதிவு செய்தால் போதும், பழவேற்காட்டுக்கு வர முடியாதவர்கள் மொட்டை மாடியிலேயே செய்யலாம்.

ஒன்பது மணி வாக்கில் வெயில் ஏறித் தூரத்தில் கானல் ஆடத் தொடங்கும். அதற்கு மேல் எந்த பைனாகுலரும் உதவாது, கிளம்பிவிடுங்கள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் பஜாரை ஒட்டியே டச்சுக்காரர் கல்லறை இருக்கிறது, வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள். 1613இல் அவர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இப்போது புதரும் மேடும்தான், அதைத் தேடி அலைய வேண்டாம். நண்டு வாங்குகிறவர்கள் உயிர் நண்டாகப் பார்த்து வாங்கி, கொடுக்கைக் கட்டித் தரச் சொல்லுங்கள். ரயிலில் பை அவிழ்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார்.